புவனம் மச்சாளுக்கு இப்போது கண் தெரிகிறது

என் ஆசை அக்காவுக்கு,

உன் மூக்குக் கண்ணாடி இன்னும் சாமியறைத் தட்டில்தான் இருக்கிறது. தூசி படிந்துபோய்க் கிடக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை. உன் பொருள் எதையும் துடைக்க இப்போது எனக்குப் பயம். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. இருப்பது அது ஒன்றுதான். காலஞ்சென்ற நம் அண்ணையின் பெண்சாதி, பக்கத்து வளவுப் புவனம் மச்சாளுக்குக் கண் ஒப்பரேசன் ஆகிவிட்டது. நீ எத்தனை வருடம் கெஞ்சினாய்! “கண்ணிலை கத்தி வைக்க விடமாட்டன்” என்று ஒரே பிடியாய் நின்ற மனுசி, நீ போன பிறகு தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் கொடுத்தாள். என்ன மச்சாள் இப்படித் திடீரென்று என்று கேட்டேன்.

“பெரிய மச்சாள் வாங்கி வைச்ச படங்களை ஒருக்கா வடிவாப் பாக்கவேணும் ராணி. அவ இருக்கேக்கை எனக்கு எல்லாம் புகைமாதிரித்தான் தெரிஞ்சது. ஓம் ஓம், நல்லாயிருக்கு எண்டு சும்மா சொல்லுவன். அவவும் நம்பியிருப்பா.”

நம்பினாயா அக்கா? நீ நம்பியிருக்க மாட்டாய். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, இது இன்னது, இது இன்னது என்று சொல்லிக் காட்டினாய்.

 ஒருத்தி தன் கண் தெரியவேண்டும் என்று ஆசைப்பட, அது தெரியாமலே இருக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். உடுப்பிட்டியில் இப்படி வேண்டிக்கொண்ட பெண் நான் ஒருத்தியாய்த்தான் இருப்பேன்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்வதற்கு மன்னித்துக்கொள். இதை வேறு ஆட்களும் வாசிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது.

என் அக்கா தவமணி, வங்கியில் நகை அடகு வாங்கும் பகுதியில் வேலை செய்து தலை நரைத்தவள். கலியாணம் செய்யவில்லை. ஊரில் எல்லாரும் நகையில் காசைப் போட, இவள் ஒரு பவுன்கூட வாங்கியதில்லை. “நகை சிரிச்சுக்கொண்டு வீட்டுக்குள்ளை வரும், அழுதுகொண்டு என்ரை மேசைக்கு வரும். நான் பாத்தது காணும்” என்பாள். ஓய்வு பெற்றபோது கிடைத்ததை நிலையான வைப்பில் போட்டாள். பிறகு ரூபாய் படுத்த வருடம் வந்தது. புத்தகத்தில் இருந்த தொகை அப்படியே இருந்தது. அதற்கு வாங்கக்கூடிய அரிசிதான் குறைந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு வங்கியிலும் நம்பிக்கை போய்விட்டது.

அப்போதுதான் படம் வாங்கத் தொடங்கினாய். அதுவும் பெரிய ஆட்கள் கீறிய படம் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீட்டு மண்டபத்தில், பெடியன்களும் பெட்டைகளும் வைக்கும் கண்காட்சியில் ஒருவரும் வாங்காத படங்களை. “காய்க்கேக்கை மரம் வாங்க ஆர் விடுவினம்? சின்னக் கண்டா இருக்கேக்கைதான் வாங்கவேணும்” என்று எனக்கு விளக்கம் வேறு. உனக்கென்ன விசரா என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய்.

ஆனால் அந்தப் பயணங்கள்! பத்திரிகையில் கண்காட்சி அறிவித்தல் வந்தால் சனிக்கிழமை காலையில் நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிவிடுவோம். வல்லை வெளிக் காற்றில் உன் சேலைத் தலைப்பு என் முகத்தில் அடிக்கும். கோப்பாயில் இறங்கி ஓட்டோ. மண்டபத்தில் நீ ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நிற்பாய், நான் கதிரை தேடுவேன். பார்த்து முடிந்ததும் வாங்கமாட்டாய். சாப்பிடப் போகவேண்டும். சந்தைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் குத்தரிசிச் சோறு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, சொதி. வயிறு நிறைந்து, ஒரு பிளேன்ரீயும் குடித்து, ஆறுதலாகத் திரும்பி வந்துதான் எதை வாங்குவது என்று முடிவு செய்வாய்.

“பசியோடை நிண்டால் எல்லாம் வடிவாத்தான் தெரியும். சாப்பிட்ட பிறகும் எது கண்ணுக்குள்ளை நிக்குதோ, அதிலை காசைப் போடு.”

முதலீட்டுக்கு உன்னிடம் இருந்த ஒரே சட்டம் அதுதான். பார், சாப்பிடு, பிறகு வாங்கு. கொழும்பில் கோட்டுப் போட்டுக்கொண்டு பங்கு வாங்குகிறவர்களுக்குக்கூட இப்படி ஒரு சட்டம் இருக்குமோ தெரியாது.

கொடிகாமத்து மரக்கறி வியாபாரியின் மகன் மதுசன் அப்போது மாணவன். அவனுடைய படங்களுக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. நீ நின்றாய். மூன்றை ஒன்றாகக் கேட்டபோது அவன் மிரண்டுபோனான்.

“அன்ரி, உண்மையா வாங்கிறியளோ?”

“நீ உண்மையா விக்கிறியோ?”

அன்றைக்குப் பிறகு அவன் வைத்த எல்லாக் கண்காட்சிக்கும் போனோம். முன்கூடச் சுவரும் உன் அறைச் சுவரும் அவன் படங்களால் நிறைந்தன. எல்லாம் தண்ணீர்ச் சாயத்தில் கடதாசியில் கீறி, மட்டையில் ஒட்டியவை. சுற்றி மரச்சட்டம் போட்டாய். கண்ணாடி மட்டும் போடமாட்டேன் என்றாய். “கண்ணாடி போட்டால் எதிர்ப்பக்க யன்னல்தான் தெரியும், படம் தெரியாது” என்றாய். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு நாள், நானும் புவனம் மச்சாளும் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். “எனக்குப் பிறகு என்ரை பென்சன் நிண்டிடும். பயப்பிடாதேங்கோ. உங்கள் ரெண்டு பேருக்கும் இந்தச் சுவர் சோறு போடும்.”

புவனம் மச்சாள் உடனே எழும்பிப் போய்ச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டாள். நாம் சிரித்த சிரிப்பு! 

நீ போனாய். காய்ச்சல் என்றார்கள், பிறகு நெஞ்சில் சளி என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் நாள் படையலுக்கு, அந்த எட்டுச் செலவுக்கு, உனக்குப் பிடித்ததெல்லாம் புவனம் மச்சாள்தான் சமைத்தாள். கண் தெரியாமலே கணவாயை மை போக உரித்துக் கழுவி, கை அளவில் தூள் போட்டு, நீ சாப்பிட்டிருந்தால் இரண்டாம் தரம் சோறு கேட்டிருப்பாய்.

முப்பத்தோராம் நாள் விடியக் காலையில் உன் காரியத்துக்காக நான் ஆட்களோடு கீரிமலைக் கடற்கரைக்குப் போனேன். வீடு கழுவிச் சாவீட்டுத் துடக்குக் கழிக்கிற வேலையைத் தான் பார்க்கிறேன் என்று அவள் நின்றுவிட்டாள். ஒரு மாதமாய் வந்து போன சனத்தின் கால் தூசியும் கர்ப்பூரப் புகையும் வீடு முழுக்கப் படிந்திருந்ததே. வாளியில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, உன் பழைய நூல் சேலையைக் கிழித்து நனைத்து, கதவு, கட்டில், அலுமாரி, நீ கை வைத்த இடம் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறாள். உன் கை அதிகம் பட்டது எதில் என்று அவளுக்குத் தெரியாதா? படங்களை ஒவ்வொன்றாய் இறக்கி, மடியில் வைத்து, பிள்ளைக்கு முகம் கழுவுகிற மாதிரித் துடைத்து, மறுபடி சுவரில் கொழுவியிருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது வாசலில் நின்றாள். சேலை முழுக்க மஞ்சள். முகம் முழுக்க வியர்வை.

“எல்லாம் முடிஞ்சுது ராணி. பெரிய மச்சாள்ரை படங்களையும் துடைச்சுப்போட்டன். நல்லாய் ஊத்தை போனது. தண்ணியைப் பார், கறுப்பாய்க் கிடக்கு.”

அந்த வாளியைப் பார்த்தேன் அக்கா. கறுப்பும் நீலமும் சிவப்புமாய் இருந்தது. உன் வைப்புப் பணம் முழுவதும் அந்த வாளிக்குள் இருந்தது. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, “கை நோகப்போகுது மச்சாள், இருங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்றேன். வேறு என்ன சொல்ல? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

சடங்குக்கு வந்தவர்கள் படத்தைப் பார்க்க வரவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் போனதும் எல்லாவற்றையும் இறக்கி, பழைய சேலைகளில் சுற்றி, உன் அறை அலுமாரிக்குமேல் அடுக்கினேன். கறையானுக்குப் பயந்து கட்டி வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். “நல்ல வேலை செய்தாய்” என்று என்னைப் பாராட்டினாள்.

இனி, மச்சாளும் நானும் போன அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஒப்பரேசன் முடிந்து, புதுக் கண்ணாடியும் வந்த பிறகு, புவனம் மச்சாளுக்குப் பத்திரிகைதான் பொழுதுபோக்கு. தலைப்பு, விளம்பரம், மரண அறிவித்தல், ஒன்றும் விடுவதில்லை. ஒரு நாள், இரண்டு வளவுக்கும் நடுவில் ஆள் போய் வர விட்ட வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து நுழைந்து, பத்திரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மதுசனின் கண்காட்சி. இப்போது அவன் பெரிய ஆள் அக்கா. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறான். வெளிநாட்டிலிருந்து வந்து அவன் படத்தைத் தேடுகிறார்களாம். உன் கணக்குப் பிழைக்கவில்லை.

“ராணி, நீயும் பெரிய மச்சாளும் போனமாதிரி நானும் நீயும் போவம். படம் பாத்து, கடையிலை சாப்பிட்டு, எல்லாம் அதே ஒழுங்கிலை. அதுக்குப் பிறகு வீட்டிலை உள்ள படக் கட்டை அவிழ்ப்பம்.”

கட்டை அவிழ்ப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம் என்று நினைத்து நான் சம்மதித்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

பஸ்ஸில் யன்னல் பக்கம் அவளை இருத்தினேன். வல்லை வெளி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் நின்ற பறவைகளைப் பார்த்து, “இவ்வளவு நாளும் இதெல்லாம் இஞ்சைதான் நிண்டதோ?” என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை. பச்சை என்றால் இவ்வளவு பச்சையா என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் சந்தோசப்படப் பட நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மண்டபத்தில் அவள் உன்னைப்போலவே நின்றாள். ஒவ்வொரு படத்துக்கும் கிட்டப் போய், பிறகு தள்ளிப் போய். கொடிகாமம் சந்தையைக் கீறியிருந்தான். குவித்த கத்தரிக்காய், லொறிக்குக் கீழே நிழலில் படுத்த நாய், தேங்காயைத் தட்டிப் பார்க்கிற கிழவி. “இந்தக் கத்தரிக்காயைப் பார், காம்பிலை முள்ளுக்கூடக் கிடக்கு. கறி வைக்கலாம்போலை கிடக்கு” என்றாள். நானும் சிரித்தேன். ஒரு கொஞ்ச நேரம் எனக்கும் எல்லாம் மறந்துவிட்டது.

மதுசன் எங்களைக் கண்டு ஓடிவந்தான். குனிந்து என் கையைப் பிடித்தான்.

“அன்ரி, நானே வரவேணுமெண்டு இருந்தனான். தவமணி அன்ரியிட்டை இருக்கிற என்ரை பழைய படங்களை ஒருக்கா இரவல் தருவியளோ? அடுத்த வருசம் கொழும்பிலை வைக்கக் கேட்டிருக்கினம். வாங்கிறதுக்கும் ஆக்கள் கேக்கினம், அது உங்கடை விருப்பம். எனக்கு முக்கியமா அப்பா சாக்கிலை படுத்திருக்கிற படம் வேணும். அவர் போன வருசம் மோசம்போனார். அவரை நான் கீறினது அது ஒண்டுதான்.”

 பக்கத்தில் நின்றவள் முந்திக்கொண்டாள். இவ்வளவு பெரிய ஆள் நம் வீட்டுப் படத்தைக் கேட்கிறான் என்ற பெருமையோடு, கையை விரித்துக்கொண்டு சொன்னாள்.

“வந்து எடுங்கோ தம்பி, எல்லாம் பத்திரமாக் கிடக்கு. துடக்குக் கழிவண்டைக்கு நான்தான் மஞ்சள் தண்ணி போட்டு ஒவ்வொண்டாத் துடைச்சு வைச்சனான். ஒரு ஊத்தை இல்லை.”

அவன் முகத்தை நீ பார்த்திருக்கக்கூடாது அக்கா. அவன் நல்ல பிள்ளை. அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிறகு மெதுவாக, “நல்லது அம்மா” என்றான். “நல்லது. நான் பிறகு வாறன்” என்று சொல்லிக்கொண்டு வேறு ஆட்களிடம் போய்விட்டான். போகிறபோது சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டு போனான்.

புவனம் மச்சாள் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் பார்க்கவில்லை.

உன் சாப்பாட்டுக்கடைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். உன் மேசையில்தான் இருந்தோம். கணவாய்க் கறி வந்தது. ஒரு வாய் வைத்தாள். உப்புக் காணாது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

“அந்தப் பெடியன்ரை முகம் ஏன் அப்பிடிப் போனது?”

“எப்பிடி?”

“செத்தவீட்டுக்கு வந்த ஆளின்ரை முகம்மாதிரி.”

“காலமை துவக்கம் ஆக்களோடை கதைச்சுக் களைச்சுப்போனான், மச்சாள். ஆறப்போகுது, சாப்பிடுங்கோ.”

அவள் என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணை இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. நேரே, கலங்கல் இல்லாமல்.

“ராணி, இவ்வளவு காலமும் குரலை வைச்சுத்தான் ஆக்களைப் பிடிச்சனான். நீ பொய் சொன்னாலும் எனக்குத் தெரியாது. இப்ப முகம் தெரியுது. உன்ரை முகமும் தெரியுது.”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“தண்ணி பட்டால் அந்தப் படம் என்ன செய்யும்?”

“கரைஞ்சுபோம், மச்சாள்.”

“எல்லாமோ?”

“வேறை பெடியள் எண்ணெய்ச் சாயத்திலை கீறினது ஒண்டு ரெண்டு தப்பினது.”

“அவன்ரை?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“தேப்பன்ரை படமும்?”

அதற்கும் தலையை ஆட்டினேன். பொய் சொல்ல முயன்று பார்த்தேன், முடியவில்லை. நீ இருந்திருந்தால் ஏதாவது பகிடி விட்டு அந்த நிமிடத்தைக் கடத்தியிருப்பாய். எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

அவள் சாப்பாட்டுக் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள். பரிமாறுகிறவர் வந்து, சாப்பாடு சரியில்லையா அம்மா என்று கேட்டார்.

“நல்ல சாப்பாடு தம்பி. என்ரை கைதான் சரியில்லை.”

அவளுடைய இடுப்பில் ஒரு லேஞ்சித் துணி முடிச்சு இருந்தது. தன் செத்தவீட்டுச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த காசை அதில் கொண்டுவந்திருந்தாள். உன் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு முன்கூடத்தில் கொழுவ ஒரு படம் வாங்கவேண்டுமாம், தான் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்த படமாம். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அதைச் சொன்னாள். பார், சாப்பிடு, வாங்கு. உன் சட்டத்தில் மூன்றாவது அன்றைக்கு நடக்கவில்லை. இரண்டாவதுகூட நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், கால்கூடக் கழுவாமல், “கட்டை அவிழ்” என்றாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். அவளே கதிரையை இழுத்து வந்தாள். அவள் விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் நானே ஏறி இறக்கினேன். முன்கூடத் தரையில் எல்லாவற்றையும் பரப்பினோம்.

அவள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் குந்தினாள். தொடவில்லை.

“இது என்னவா இருந்தது?”

“பழக்கடை, மச்சாள். பலாப்பழம் பிளக்கிற ஒரு ஆள்.”

“இது?”

“மழைக்குள்ளை கொடிகாமம் றோட்டு.”

“இது?”

 அது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஒரு பெரிய நீலக் கரைசல், அதன் நடுவில் மஞ்சள். அதில் என்ன இருந்தது அக்கா? தோணியா? பெண்ணா? சொல்ல இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய். இனி அதில் ஒன்றும் இருந்ததில்லை என்றே ஆகிவிட்டது.

மதுசனின் தகப்பன் படத்துக்கு முன்னால் அவள் நெடுநேரம் இருந்தாள். வெங்காயச் சாக்குகள் ஓரளவு தெரிகின்றன. ஒரு கால் தெரிகிறது. முகம் இருந்த இடத்தைத்தான் நன்றாகத் துடைத்திருக்கிறாள். முகம் என்பதால்தான் அப்படிப் பார்த்துப் பார்த்துத் துடைத்திருப்பாள்.

“கண்ணைக் குருடாவே விட்டிருக்கலாம்” என்றாள். பிறகு எழும்பி, பொட்டுக்குள்ளால் குனிந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பார்த்தேன். பொட்டை அடைத்திருந்தாள். அண்ணை கலியாணம் செய்து அந்த வளவில் குடியேறிய நாளிலிருந்து திறந்து கிடந்த பொட்டு. எத்தனை கறிச்சட்டி அதற்குள்ளால் போய் வந்தது! கிளுவைத் தடிகளைக் கதியாலாய் நெருக்கி நட்டு, முள்ளும் வைத்துக் கட்டியிருக்கிறாள். அந்தக் கையில் இரத்தம் வந்திருக்கும்.

றோட்டால் சுற்றிப் போய் அவள் வாசல் படலையில் நின்று கூப்பிட்டேன். வரவில்லை. மதுசன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். “அம்மாவிட்டைச் சொல்லுங்கோ அன்ரி, பரவாயில்லை எண்டு” என்றான். அவன் குரல் பரவாயில்லை என்கிற குரலாய் இல்லை. ஆனாலும் போய்ப் படலையில் நின்று அதைச் சத்தமாய்ச் சொன்னேன். உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் வீட்டுக் குசினியில் இப்போது புகை வருவதில்லை. கடையில் பாண் வாங்கித் தின்கிறாளாம். தன் கை பட்ட எதையும் தின்னமாட்டாளாம். கடைக்காரர்தான் சொன்னார்.

உன்னில் எனக்குக் கோபம் அக்கா. நீ ஒரு கண்ணாடி போட்டிருக்கக்கூடாதா? யன்னல் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டுமே! வீட்டுக்குள் நிறைய ஆசையை வைத்துவிட்டு, அதை எப்படித் தொடவேண்டும் என்று அவளுக்கு ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாயே. நெடுக இப்படித் திட்டிவிட்டு, பிறகு உன் படத்துக்கு முன்னால் இருந்து அழுகிறேன். சுவர் சோறு போடும் என்றாய். சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. நான் சட்டை தைத்து என் பாட்டைப் பார்த்துக்கொள்வேன், அது எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நீ போனபோது எனக்கு ஒருத்தி மிச்சம் இருந்தாள். இப்போது அவளும் இல்லை என்றால் நான் யாரோடு கதைப்பேன்? விடிந்தால் எழும்புவதற்கே மனம் வருவதில்லை.

இந்தக் கடிதத்தை ஏன் பத்திரிகைக்குக் கொடுத்தேன் என்று உனக்கு விளங்கியிருக்கும். நீ கெட்டிக்காரி. படலையில் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள். தொலைபேசியை எடுக்கமாட்டாள். ஆனால் பத்திரிகையை மட்டும் விடமாட்டாள். காலையில் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை வாசிப்பாள். இந்த இடத்துக்கும் வருவாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அவளும் கேட்டுக்கொண்டிருக்கட்டும். உன் ஆட்டைத் திவசத்தன்று விடிய நான் கத்தியோடு போய் அந்தக் கிளுவையை வெட்டுவேன். பொட்டுக்குள்ளால் குனிந்து போய் அவள் குசினியில் அடுப்பு மூட்டுவேன். கத்தரிக்காயைக் காம்போடு அவள் முன்னால் வைப்பேன். அவள் வரும்வரைக்கும் அங்கேயே இருப்பேன். அந்தக் கையால் பால்கறி வைத்தால்தான் உனக்கு இலை போடுவேன். வேறு ஒருவர் கைச் சமையலும் உன் இலையில் விழாது. அவள் வராவிட்டால் அன்றைக்கு உனக்குச் சோறு இல்லை அக்கா. நீயும் நானும் பட்டினி கிடப்போம்.

நீ பட்டினி கிடக்க அவள் பொறுத்திருந்ததாய் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் இப்போது எனக்கு எதுவும் நிச்சயம் இல்லை.

உன் சட்டத்தில் இரண்டாவதை, அந்தச் சாப்பாட்டை, முடிக்காமல் எழும்பி வந்துவிட்டவளுக்காகக் காத்திருக்கும்,

உன் தங்கச்சி,
ராணி